தொட்டால் மாறும் வெண்குழியம்

நாளத்தை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே வெண்குழியம் மாறத் தொடங்கிவிடும். ஊசிக்குள் பாய்வது, குழாய்ச் சுவரில் உரசுவது, குளிரில் இருப்பது, மறுபடி சூடேறுவது, மையநீக்கியில் சுழல்வது எல்லாமே அதற்கு ஆபத்தின் அறிகுறிதான். காயம் பட்ட இடத்துக்கு ஓடிப்போய்க் கிருமியை விழுங்கவே பிறந்த கலம் அது. சின்னத் தொந்தரவுக்கும் விழித்துக்கொள்ளும். அந்தக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒட்டு மூலக்கூறுகளை அளப்பதில் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. முதலில் கண்டியில், பிறகு சில ஆண்டுகள் இங்கிலாந்தில், மறுபடியும் கண்டியில். இப்போது ஓய்வு பெற்று வத்தேகமவில் வீட்டோடு இருக்கிறேன். நாம் உண்ணும் கொழுப்பு வெண்குழியத்தின் ஒட்டும் தன்மையை மாற்றுகிறது. அந்த மாற்றம் சிறியது. கவனமில்லாத கை அதே கலத்தில் செய்துவிடும் மாற்றம் அதைவிடப் பெரியது. இந்த இரண்டையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் கற்ற பாடம்.

தொழிலுக்கு வந்த காலத்தில் வத்தேகமவிலிருந்து மடவளை வழியாகக் கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். ஆய்வுகூடத்தில் எனக்குக் கிடைத்த வேலை கண்ணாடித் தகட்டில் குருதியை மெல்லிய படலமாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் வெண்குழியங்களை வகைபிரித்து எண்ணுவது. நூறு கலங்களில் நியூட்ரோபில் எத்தனை, லிம்போசைட் எத்தனை, மொனோசைட் எத்தனை என்று எழுதிக் கொடுப்போம். கரு எத்தனை பிளவாக இருக்கிறது, உள்ளே மணிகள் தடித்திருக்கின்றனவா என்பதை வைத்து ஆளுக்குக் கடும் தொற்று இருப்பதைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கலம் குழாய்ச் சுவரில் ஒட்டத் தயாராக இருக்கிறதா, சும்மா மிதந்து போகிறதா என்பதைச் சாயம் பூசிய படலம் காட்டாது.

அந்த ஒட்டுதல்தான் விஷயமே. குருதி ஓடும் வேகத்தில் வெண்குழியம் தானாக நின்றுவிட முடியாது. அழற்சி உள்ள இடத்தில் நுண்நாளத்தின் உட்சுவர்க் கலங்கள் செலக்டின் என்ற மூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன. வெண்குழியத்திலும் எல்-செலக்டின் இருக்கிறது. இவை பலமான பிடிப்புகள் அல்ல. தேயிலை மலைக்குள் நடந்துவிட்டு வந்தால் சேலைக் கரையில் தொற்றிக்கொண்டு வரும் நாயுருவி விதையைப்போல, ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி, கலத்தைச் சுவரோடு உருளவைக்கும். உருளும்போது சுவரிலிருந்து வரும் இரசாயனச் செய்தி கிடைத்ததும் கலத்தின் இன்டெக்ரின்கள் விழிக்கின்றன. எல்எஃப்ஏ-1, மேக்-1 என்று இவற்றுக்குப் பெயர். இரண்டுக்கும் பொதுவான பாதி சிடி18. இவை சுவரிலுள்ள ஐகேம்-1 ஐ இறுகப் பிடித்ததும் கலம் நின்றுவிடும். பிறகு இரண்டு சுவர்க் கலங்களுக்கு நடுவே நசுங்கி நுழைந்து இழையத்துக்குள் போய்விடும். மொனோசைட்டுகள் இதே வழியில் நாடிச் சுவருக்குள் புகுந்து தங்குவதுதான் நாடி தடிக்கும் நோயின் தொடக்கப் படிகளில் ஒன்று. உணவுக் கொழுப்பை ஆராய்பவர்களுக்கு இந்த மூலக்கூறுகள்மேல் அக்கறை வந்ததும் அதனால்தான்.

இவற்றை அளக்கும் கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். ஒளிரும் சாயம் கட்டிய பிறபொருளெதிரியைக் குருதியோடு கலந்தால் அது தனக்குரிய மூலக்கூறில் போய் ஒட்டும். பிறகு கலங்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்குக் குறுக்கே ஓடவிட வேண்டும். 488 நானோமீற்றர் நீல ஒளி பட்டதும் சாயம் பச்சையாக மின்னும். எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு மூலக்கூறு. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான கலங்கள் கடந்துபோக, திரையில் புள்ளிகள் கூட்டமாகச் சேரும். நூறு கலத்தைக் கண்ணால் எண்ணிப் பழகிய எனக்கு முதல் நாள் அது பெரிய வியப்பு.

அந்த வியப்பை மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர் ஒரே காலையில் ஒழுங்குபடுத்தினார். ஒரே ஆளிடம் ஒரே குத்தில் எடுத்த குருதியை மூன்று பங்காக்கச் சொன்னார். ஒன்றை உடனேயே பனிநீரில் வைத்து, குளிர் குறையாமலேயே பிறபொருளெதிரி சேர்த்தோம். இரண்டாவதை மேசையில் ஜன்னலோரம் விட்டுவைத்தோம். மூன்றாவதை அடர்த்திக் கரைசலின்மேல் ஊற்றிச் சுழற்றி, நியூட்ரோபில்களைப் பிரித்தெடுத்துக் கழுவினோம். மேக்-1 இன் மற்றப் பாதியான சிடி11பி முதல் குழாயில் தாழ்வாக இருந்தது, இரண்டாவதில் ஏறியிருந்தது, மூன்றாவதில் மடங்குக் கணக்கில் கூடியிருந்தது. எல்-செலக்டின் நேர்மாறாக இறங்கியிருந்தது. அவர் திரையைக் காட்டிச் சொன்னார்: “தங்கச்சி, மூணும் ஒரே ஆளுடைய இரத்தம். ரிசல்ட்டைப் பார்க்க முதல் சாம்பிள் வந்த பாதையைக் கேளுங்க.”

காரணம் கலத்துக்குள்ளேயே இருக்கிறது. நியூட்ரோபில் தன் சிடி11பி இல் பெரும்பகுதியை உள்மணிகளில் சேமித்து வைத்திருக்கிறது. தூண்டல் கிடைத்த சில நிமிடங்களில் அந்த மணிகள் மேற்பரப்போடு கலந்து, இருப்பில் நிறைய வெளியே வந்துவிடும். அதே நேரத்தில் ஒரு நொதி எல்-செலக்டினை அடியோடு வெட்டி உதிர்த்துவிடும். உருளும் கட்டம் முடிந்து இறுகப் பிடிக்கும் கட்டம் தொடங்கிவிட்டது என்று கலம் எண்ணிக்கொள்கிறது. குளிரில் வைத்தால் இது அடங்கியிருக்கும், ஆனால் குளிர்ந்ததைத் திரும்பச் சூடாக்கினால் முன்னைவிட வேகமாக நடக்கும். ஆகவே எந்த வெப்பநிலையை எடுத்தாலும் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். குழாயும் முக்கியம். ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏ கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவிடும். இன்டெக்ரினின் சில வடிவங்களை அடையாளம் காணும் பிறபொருளெதிரிகளுக்கு அந்த உப்புகள் தேவை. அப்படிப்பட்ட சோதனைக்குப் பச்சை மூடி ஹெப்பரின் குழாய்தான் சரி.

இனிக் கொழுப்புக்கு வருகிறேன். கலத்தின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. நாம் உண்ணும் கொழுப்பமிலங்கள் நாள்படச் சவ்விலும் இடம்பிடிக்கின்றன. நியூட்ரோபில் குருதியில் அதிகக் காலம் வாழ்வதில்லை. எலும்பு மச்சையில் புதியவை உருவாகி வர நாள் பிடிக்கும். அதனால் இன்று உண்ட மீன் இன்றே கலத்தில் தெரிந்துவிடாது, வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். வழக்கமாகச் சவ்வில் இருக்கும் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து லியூக்கோட்ரையீன் பி4 உருவாகிறது. நியூட்ரோபில்லை அழைக்கவும் அதன் இன்டெக்ரின்களை விழிக்கவைக்கவும் வல்ல பொருள் அது. மீன் கொழுப்பிலுள்ள ஈபிஏ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் உருவாவது லியூக்கோட்ரையீன் பி5. அமைப்பில் கிட்டத்தட்ட ஒன்றேயானாலும் வலு மிகக் குறைவு.

1985 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதை மனிதரிடமே காட்டியது. ஆரோக்கியமான ஏழு பேருக்கு ஆறு வாரம், நாளொன்றுக்கு 3.2 கிராம் ஈபிஏயும், மீன் கொழுப்பிலுள்ள இன்னோர் அமிலமான டிஎச்ஏ 2.2 கிராமும் கொடுத்தார்கள். பிறகு அவர்களுடைய நியூட்ரோபில்களை லியூக்கோட்ரையீன் பி4 ஆல் தூண்டிய உட்சுவர்க் கலங்களின்மேல் விட்டபோது, கூடுதலாக ஒட்டுவது நின்றுபோயிருந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டிய ஆய்வு. நான் படித்ததும் அளவைத்தான் கணக்கிட்டேன். கடையில் கிடைக்கும் சாதாரண ஒரு கிராம் மீனெண்ணெய்க் குளிகையில் 180 மில்லிகிராம் ஈபிஏயும் 120 மில்லிகிராம் டிஎச்ஏயும் இருக்கும். ஆறு வாரமும் ஒவ்வொரு நாளும் அத்தகைய 18 குளிகை. வத்தேகமச் சந்தையில் நெத்தலிக் கருவாடு வாங்கிச் சமைக்கும் குடும்பத்துக்கு அந்த அளவு எட்டாத தூரம்.

1996 இல் இங்கிலாந்தின் நோரிச்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நடைமுறைக்கு நெருங்கியது. நாளுக்கு 3 கிராம் மீனெண்ணெய், மூன்று வாரம். மொனோசைட்டின் மேற்பரப்பில் ஐகேம்-1 குறைந்தது. நோயெதிர்ப்பு வேலைக்கு வேண்டிய வேறு சில மூலக்கூறுகளும் கூடவே குறைந்தன. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1994 இல், இத்தாலியின் ரஃபேலே தெ கத்தெரினாவும் கூட்டாளிகளும் நாளச் சுவர்க் கலங்களில் டிஎச்ஏ என்ன செய்கிறது என்று பார்த்திருந்தார்கள். அங்கே விகேம்-1 என்ற ஒட்டு மூலக்கூறு குறைந்தது, மொனோசைட்டுகள் ஒட்டுவதும் குறைந்தது. கலத்தின் சவ்வுக்குள் டிஎச்ஏ சேர்ந்த பிறகே அந்தப் பலன் தெரிந்தது. ஆகவே ஒட்டுதல் இரண்டு பக்கத்து வேலை. வெண்குழியத்தை மட்டும் அளந்துவிட்டு நாளச் சுவரை மறந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

இங்கிலாந்தில் நான் செய்த வேலை பெரும்பாலும் கலங்களுக்குக் கொழுப்பமிலம் கொடுப்பது. கேட்க எளிது, செய்ய எளிதல்ல. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கொழுப்பமிலத்தை முதலில் எதனோலில் கரைத்து, பிறகு இளஞ்சூட்டில் அல்புமின் புரதத்தோடு பிணைக்க வேண்டும், ஏனென்றால் நம் குருதியிலும் அது அல்புமினோடு பிணைந்துதான் ஓடுகிறது. புரதம் குறைந்து அமிலம் கூடினால் கரைசல் கலங்கிவிடும். தனித்து நிற்கும் அமிலம் சவர்க்காரம் செய்வதைத்தான் செய்யும், கலங்களை உடைக்கும். மீன் கொழுப்பமிலங்கள் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். அதனால் போத்தலை மூடுமுன் நைட்ரஜன் வாயுவை ஊதி, இருட்டில், உறைகுளிரில் வைப்போம். கெட்டுப்போன டிஎச்ஏயைக் கலத்துக்குக் கொடுத்துவிட்டு வரும் மாற்றத்தை டிஎச்ஏயின் குணம் என்று எழுதினால் அது பொய். எதனோலும் அல்புமினும் மட்டும் கொடுத்த ஒரு கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே வைத்தோம். வேலையில் அலுப்பான பகுதியும் அதுதான், மிகப் பெறுமதியானதும் அதுதான்.

அதன் பெறுமதி என்னவென்று பிறகு உலகமே பார்த்தது. 2001 அளவில், தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லோரிக் அமிலமும் வேறு நிறைகொழுப்பமிலங்களும் வெண்குழியங்களில் கிருமியை உணரும் வாங்கியை நேரடியாகத் தட்டி எழுப்புகின்றன என்று ஆய்வுகள் வெளிவந்தன. நம்பத்தக்க காரணமும் இருந்தது. கிருமிகளின் உறையிலுள்ள நச்சுக் கொழுப்பிலும் லோரிக் அமிலம் உண்டு. 2009 இல் லெஸ்டரைச் சேர்ந்த எரிட்ஜும் சமானியும் அதைத் திரும்பச் சோதித்தார்கள். கொழுப்பமிலம் கரைக்கப் பயன்பட்ட அல்புமினில் கலந்திருந்த கிருமி நச்சுத்தான் முந்திய பலன்களில் சிலவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்றும், மாசு நீக்கினால் நிறைகொழுப்பமிலம் அந்த வாங்கியை நேரடியாகத் தூண்டவில்லை என்றும் எழுதினார்கள். நிறைகொழுப்பு தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல, வேறு வழிகளில் அது வேலை செய்யக்கூடும். பொருள் இவ்வளவுதான்: போத்தலுக்குள் இருப்பது என்னவென்று தெரியாமல் கலத்தின்மேல் குற்றம் சுமத்தக்கூடாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி தேங்காயைப் பற்றித்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: “மிஸ், தேங்காய் எண்ணெயில தாளிச்சா இரத்தம் தடிச்சுப் போகுமாமே, சரியா?” காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், மத்தியானம் தேங்காய்ப்பால் கறியும், இரவில் சொதியும் உள்ள நாட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. இதற்குப் பதில் தேடியவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சாந்தி மெண்டிஸும் கூட்டாளிகளும் 1990 இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர்களுக்குத் தேங்காய்க் கொழுப்பையும் சோயா எண்ணெயையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் குருதிக் கொழுப்பை அளந்தார்கள். 2001 இல் மெண்டிஸ், சமரஜீவ, தட்டில் மூவரும் வெளியிட்ட ஆய்வில் தேங்காய்க் கொழுப்பைக் குறைத்து, ஒரு பகுதிக்குப் பதிலாக நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்தபோது எல்டிஎல் கொலஸ்ட்ரோல் பத்தில் ஒரு பங்களவு குறைந்தது. 2020 இல் 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமும் நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்டிஎல்லை 4 மில்லிகிராமும் கூட்டுகிறது என்றது.

இவை குருதிக் கொழுப்பின் கணக்குகள், ஒட்டு மூலக்கூறின் கணக்குகள் அல்ல. அந்தப் பக்கத்தைத் தொட்டது 2006 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு. பதினான்கு பேர் ஒரு மாத இடைவெளியில் இரண்டு வேளை உணவு உண்டார்கள். ஒரு வேளை தேங்காய் எண்ணெய், மறு வேளை குசும்பா எண்ணெய். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் கொழுப்பு. ஆறு மணி நேரம் கழித்து அவர்களுடைய எச்டிஎல்லைப் பிரித்தெடுத்து, தொப்புள்கொடியிலிருந்து வளர்த்த நாளச் சுவர்க் கலங்களின்மேல் வைத்தார்கள். தேங்காய் வேளைக்குப் பின் எடுத்த எச்டிஎல்லுக்கு ஐகேம்-1, விகேம்-1 இரண்டையும் அடக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. குசும்பா வேளைக்குப் பின் கூடியிருந்தது. ஒல்லாந்தின் உட்ரெக்டில் 2004 இல் வெளிவந்த ஆய்வோ கொழுப்பு உணவுக்குப் பின் வெண்குழியத்திலேயே சிடி11பி ஏறுவதைக் காட்டியது. ஆகவே உணவு உண்ட சில மணி நேரத்துக்கு உடம்பில் மெல்லிய விழிப்பு ஒன்று நடக்கிறது. அது நாள்தோறும் பலமுறை, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் என்னாகும் என்பதுதான் கவலை.

அக்காவுக்கு நான் சொன்னது இது: தேங்காய் நஞ்சல்ல. ஆனால் ஒரு நாளின் மூன்று வேளைக்கும் அதுவே கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை. பால் பிழிவதைக் குறையுங்கள், பொரிப்பதைக் குறையுங்கள். வாரத்தில் சில நாள் சாளையோ கானாங்கெழுத்தியோ டின் மீனோ சேருங்கள். மலைநாட்டில் கடல் மீன் விலை என்றால் நெத்தலியும் நல்லதுதான், உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். எதையும் மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள்.

ஒட்டு மூலக்கூறு குறைவது எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்காக ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த தாய், துண்டில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “மிஸ், ஒரு மாசம் ஆச்சுங்க, புள்ளைக்குத் தொப்புள்கொடி இன்னும் விழலைங்க.” வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். குருதிப் படலத்தில் நியூட்ரோபில்கள் திரள்திரளாக இருந்தன, எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் புண்பட்ட தொப்புளில் சீழே இல்லை. வீரர்கள் தெருவெல்லாம் நிறைந்து நிற்க, ஒருவர்கூட வீட்டுக்குள் போக முடியாத நிலை அது. ஒட்டு மூலக்கூறு இல்லாத பிறவிக் குறையோ என்று வைத்தியர் சந்தேகப்பட்டதையே நாங்களும் சந்தேகப்பட்டோம். அப்படிப்பட்ட மாதிரிகள் பனிக்கட்டியில் வைக்கப்படாமல், அறை வெப்பத்தில், அதே நாளில் கொழும்புக்குப் பயணமாக வேண்டும். முடிவு வந்தபோது, சிடி18 க்கான ஒளிர்வு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அதை ஆக்கும் மரபணுவில் பிழை. இந்தக் குழந்தைகளுக்கு எலும்பு மச்சை மாற்று ஒரு நிரந்தர வழி. மருந்தால் அதே ஒட்டுதலைத் தடுத்தாலும் ஆபத்து உண்டு. சொரியாசிஸுக்காக எல்எஃப்ஏ-1 ஐத் தடுத்த எஃபலிசுமாப் என்ற மருந்து 2003 இல் வந்து, மூளையில் கொடிய வைரசுத் தொற்று ஏற்பட்டதால் 2009 இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்தத் தாயைச் சந்தித்த பிறகுதான் என் தொழிலை நான் முழுமையாக மதிக்கத் தொடங்கினேன். ஒட்டுதல் அதிகமானால் நாடி தடிக்கும், இல்லாமற்போனால் குழந்தை தொற்றில் சாகும். இடையிலுள்ள ஒழுங்கைத்தான் உடல் காக்கிறது. உணவு அந்த ஒழுங்கை மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்துகிறது. அந்த மெல்லிய நகர்வைக் காண நம்மிடமுள்ள ஒரே வழி, மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்வது.

இப்போதும் சில இளைய தொழில்நுட்பவியலாளர்கள் வந்து கேட்பார்கள். அவர்களிடம் நான் சொல்லும் வழமை இது. ஒருவரைச் சோதிக்கும் நாட்களிலெல்லாம் ஒரே மணிக்கு, ஒரே பட்டினி நேரத்துக்குப் பின் குருதி எடுங்கள். காலையில் ரொட்டி உண்டுவிட்டு வந்தவரின் திரவவிழையம் பால்போல் கலங்கி, ஹீமோகுளோபின் அளவைக்கூடப் பொய்யாக ஏற்றிக் காட்டும். கட்டுப்பட்டியை நீண்ட நேரம் இறுக்காதீர்கள். எடுத்த நேரத்தைக் குழாயிலேயே எழுதுங்கள். பிரித்தெடுக்காமல் முழுக் குருதியிலேயே சாயமிடுங்கள். தாமதிக்காமல் தொடங்குங்கள். குழாய் வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்ததா, வாட்டிலிருந்து கையோடு வந்ததா என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

கொழுப்பமிலமும் வெண்குழியமும் பற்றிய கேள்வி முடிந்துவிடவில்லை. இலங்கையில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தேங்காயும் மீனும் அன்றாடம் உண்ணும் மக்களின் கலங்களை, அவர்களுடைய ஊரிலேயே, அவர்களுடைய உணவோடு அளந்து பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நேரம் எழுதிய குழாயும், ஒரே வெப்பநிலையில் நிற்கும் மேசையும், பொறுமையுள்ள கையும் முதலில் வேண்டும். அவை இருக்கும் சிறிய ஆய்வுகூடம் தரும் எண்ணை, அவை இல்லாத பெரிய ஆய்வுகூடம் தரும் எண்ணைவிட நான் நம்புவேன்.